தவில் வித்வானின் ஆஸ்பத்திரிச் செலவுக்கு ஆன்லைனில் பணம் திரட்டினோம்: அந்தச் சேவை எப்படி?

மருத்துவச் செலவுக்கு நன்கொடை திரட்டித் தரும் ஆன்லைன் தளம் ஒன்றை ஆவணிக் கடைசியில் தொடங்கி 24 நாள் பயன்படுத்தினோம். 5க்கு 3 கொடுக்கிறேன். பெயரைச் சொல்லவில்லை. இந்த வகைத் தளங்கள் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இயங்குகின்றன, ஒன்றை மட்டும் கைகாட்டினால் மற்றதெல்லாம் பரவாயில்லை என்று யாராவது நினைத்துவிடுவார்கள்.

யாருக்காக என்று சொல்லிவிடுகிறேன். என் நண்பனின் அப்பா, தவில் வாசிப்பவர், 58 வயது. ஒரு முகூர்த்தத்தில் கெட்டிமேளம் முடிந்து மண்டபத்துப் பின்கட்டில் காபி குடிக்க உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். பக்கத்தில் எது இருந்ததோ அந்தத் தனியார் ஆஸ்பத்திரிக்குத்தான் தூக்கிக்கொண்டு ஓடினார்கள், அந்த நேரத்தில் வேறு என்ன செய்ய முடியும். இடது கையில் ஊசி ஏறிக்கொண்டிருக்க, ஆக்சிஜன் அளவு பார்க்கும் கிளிப்பை மாட்ட நர்ஸ் வலது கையை எடுத்தால் விரல் ஒவ்வொன்றிலும் கூடு. தவில் வாசிப்பவர்கள் துணியும் பசையும் சுற்றிக் காயவைத்து வலது கை விரல்களில் மாட்டிக்கொள்வார்களே, கல் மாதிரி இருக்கும், அது. விரல் வீங்கியிருந்ததால் கழற்ற வரவில்லை. என் நண்பன் பஞ்சைத் தண்ணீரில் நனைத்து ஒவ்வொன்றாக ஊறவைத்துக் கழற்றி, ஐந்தையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

அடைப்பு மூன்று இடத்தில், பைபாஸ்தான் வழி என்றார்கள். எஸ்டிமேட் 4,60,000 ரூபாய். காப்பீடு எதுவும் இல்லை. ஆடியில் கல்யாணம் கிடையாது, ஆவணியில் நாலு முகூர்த்தம், பிறகு புரட்டாசி வந்துவிடும். இந்த வருமானத்தில் வருஷா வருஷம் பிரீமியம் கட்டு என்று அந்த வீட்டில் யாரைப் போய்ச் சொல்வது?

சரி, தளத்துக்கு வருகிறேன். பதிவு செய்வது சுலபம். ஆதார், பான், ஆஸ்பத்திரியின் லெட்டர்ஹெட்டில் எஸ்டிமேட், நோயாளிக்கு நமக்கு என்ன உறவு என்பது, அவ்வளவுதான். காலையில் போட்டோம், மதியத்துக்குள் சரிபார்த்துப் பக்கத்தைத் திறந்துவிட்டார்கள். திரளும் பணத்தை நேராக ஆஸ்பத்திரிக் கணக்குக்கே அனுப்பும் வசதி உண்டு, அதைத்தான் தேர்ந்தெடுத்தோம். கொடுப்பவர்களுக்கு அதுதான் நம்பிக்கை. உறவினர் அல்லாதவர்களிடமிருந்து வருஷத்தில் 50,000 ரூபாய்க்கு மேல் நம் கணக்குக்கு வந்தால் வருமான வரிக் கேள்வி வரும், ஆகவே ஆடிட்டரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அதே மாதிரி, தனி மனிதருக்குக் கொடுக்கும் நன்கொடைக்கு 80ஜி வரிவிலக்கு கிடையாது. இதைப் பக்கத்திலேயே எழுதிவைத்தோம், கேட்டு வந்த பாதி போன் நின்றது.

எனக்குப் பிடிக்காதது அன்று மாலையே தொடங்கியது. தளத்திலிருந்து பேசியவர் மரியாதையாகத்தான் பேசினார், ஆனால் அவர் கேட்டது குழாய் சொருகிய நிலையில் ஒரு போட்டோ, முடிந்தால் பக்கத்தில் அம்மா அழுகிற மாதிரி. அதுதான் 'நன்றாகப் போகும்' என்றார். நண்பன் போனை என்னிடம் கொடுத்துவிட்டு வராந்தாவுக்குப் போய்விட்டான். முடியாது என்று நான் சொல்லிவிட்டேன். கோயில் பிரகாரத்தில், நெற்றியில் பட்டையாகத் திருநீறு, தோளில் தவில், நாதஸ்வரக்காரரைப் பார்த்துச் சிரித்தபடி அவர் நிற்கிற படம் ஒன்று இருந்தது, அதைப் போட்டோம். அவர்கள் எழுதித் தந்த கதையையும் தூக்கிவிட்டோம். 'என் தந்தையின் உயிர் உங்கள் கைகளில்' என்று ஆரம்பித்தது அது, யார் வீட்டுக் கதை என்றே தெரியாது. அதற்குப் பதிலாக 40 வருஷமாக எந்தெந்த ஊர் உற்சவத்தில் வாசித்தார், யார் யாருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தார், மாவட்டத்தில் எத்தனை வீட்டுக் கல்யாணத்துக்கு மேளம் அவருடையது என்று எழுதினோம். அதைப் படித்துத்தான் பணம் வந்தது, இதை நான் அடித்துச் சொல்வேன்.

மொத்தம் 214 பேர், 2,87,400 ரூபாய். பட்டியலை நானும் நண்பனும் உட்கார்ந்து பார்த்தோம்: முன்பின் தெரியாதவர்கள் 30 பேர்கூட இல்லை. மீதி எல்லாரும் அவர் வாசிப்பைக் காதால் கேட்டவர்கள். 501, 1001 என்று மொய் எழுதுவது போலவே அனுப்பியிருக்கிறார்கள். '2011இல் எங்கள் கல்யாணத்துக்கு நீங்கள்தான் வாசித்தீர்கள்' என்று ஒருவர் குறிப்பு. வேறு ஊர் மேளக்காரர்கள் நாலு பேர் ஒரு முகூர்த்தச் சம்பளத்தை அப்படியே போட்டிருந்தார்கள், அவர்களுக்கும் அதே புரட்டாசிதான் வரப்போகிறது. தளம் ஆள் பிடித்துத் தரும் என்று நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள். நாங்கள் போட்ட போன்கால்தான் வேலை செய்தது, தளம் செய்தது கணக்கு. அந்தக் கணக்கைச் சுத்தமாகச் செய்தது, அதற்குத்தான் அந்த 3.

மூன்றுக்கு மேல் ஏன் இல்லை என்றால், டிப்ஸ். தளம் கட்டணம் எதுவும் எடுப்பதில்லை என்று பெரிய எழுத்தில் இருக்கிறது. ஆனால் பணம் கட்டும் பக்கத்தில் தளத்துக்கென்று ஒரு சதவீதம் முன்கூட்டியே போட்டு வைத்திருக்கிறார்கள், அதை நாமாகத் தேடிப் பூஜ்யமாக்க வேண்டும். தெரிந்தவர்கள் 20 பேரிடம் கேட்டேன், 13 பேருக்கு டிப்ஸ் போனதே தெரியவில்லை. பென்ஷன் பணத்திலிருந்து 1000 ரூபாய் கொடுத்த ஒரு வாத்தியாருக்கு 120 ரூபாய் கூடுதலாகப் போயிருக்கிறது. நடத்துவதற்கு அவர்களுக்கும் செலவு உண்டு, ஒத்துக்கொள்கிறேன், அதைக் கேட்டு வாங்கலாமே! இதுபோக பணப் பரிமாற்றக் கட்டணமும் ஜிஎஸ்டியும் சேர்ந்து 10,000 ரூபாய்க்கு மேல் கழிந்தது. விளம்பரம் செய்து தருகிறோம், திரள்வதில் பங்கு தாருங்கள் என்று மூன்று முறை கேட்டார்கள். மறுத்தோம். தளத்தில் கட்டத் தெரியாத பெரியவர்கள் ஜிபே மூலம் நண்பனுக்கு நேராக அனுப்பியது தனியாக 64,000.

இப்போது எல்லாவற்றையும்விட முக்கியமானது. ஐந்தாம் நாள்தான் ஒருவர் கேட்டார், முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இல்லையா என்று. 2009இல் திட்டம் முதலில் வந்தபோது எடுத்த அட்டை டிரங்குப் பெட்டியில் இருந்தது, புதுப்பிக்கவே இல்லை. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரை, பைபாஸ் உட்பட. விஏஓவிடம் வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார், பிறகு கலெக்டர் ஆபீஸில் உள்ள காப்பீட்டு மையம். இரண்டு நாள் அலைச்சல், முடிந்தது. ஆனால் நாங்கள் இருந்த ஆஸ்பத்திரி திட்டப் பட்டியலில் இல்லை, அதுவரை ஆன பில்லைத் திட்டம் திருப்பித் தராது, சிகிச்சைக்கு முன்பே அனுமதி வாங்க வேண்டும். நிலைமை சீரானதும் டாக்டரிடம் கேட்டுக்கொண்டு பட்டியலில் உள்ள மருத்துவமனைக்கு மாற்றினோம், ஆபரேஷன் அங்கே நடந்தது. முதல் ஆஸ்பத்திரிக்குக் கட்டியது 1,84,000. முதல் நாளே இதைக் கேட்டிருந்தால் பாதி மிஞ்சியிருக்கும். ஆகவே பக்கம் திறப்பதற்கு முன்னால் அட்டை, அட்டை, அட்டை.

தேவை குறைந்துவிட்டதே என்று பக்கத்தில் எழுதி, இலக்கைக் குறைத்து மூடச் சொன்னோம். மூட ஆறு நாள் ஆயிற்று, 'இன்னும் கொஞ்சம் ஓடட்டுமே' என்று போன் மேல் போன். இது எனக்குக் கோபம்தான்.

கலைஞர்களுக்கு நிரந்தரமாக ஒரு ஏற்பாடு வேண்டும் என்று அந்த நாட்களில் தேடித் தேடிப் படித்தேன். அமெரிக்காவில் விக்டோரியா வில்லியம்ஸ் என்ற பாடகி காப்பீடு இல்லாமல் நரம்பு நோயில் விழுந்தபோது, சக பாடகர்கள் அவர் பாட்டுகளையே பாடி 1993இல் ஓர் ஆல்பம் போட்டார்கள், அதிலிருந்து ஸ்வீட் ரிலீஃப் என்ற உதவி நிதி வளர்ந்தது. நியூ ஆர்லியன்ஸில் இசைக்கலைஞர்களுக்கென்றே 1998 முதல் ஒரு கிளினிக் இருக்கிறது. நம் ஊர் மேளக்காரர் சங்கங்கள் முகூர்த்தத்துக்கு 50 ரூபாய் ஒதுக்கினாலே, முதல் ஆஸ்பத்திரியில் அட்வான்ஸ் கட்டும் அந்த ஒரு ராத்திரியைச் சமாளித்துவிடலாம்.

மீதிப் பணம் மாத்திரைக்கும் வீட்டுச் செலவுக்கும் போகிறது. நெஞ்செலும்பு கூடும்வரை தவிலைத் தூக்கவே கூடாது என்றிருக்கிறார்கள், கணக்கை மாதாமாதம் வாட்ஸ்அப் குழுவில் போடுகிறோம். கொடுத்தவர்கள் பெயரை எல்லாம் நண்பன் மொய் நோட்டு மாதிரி ஒரு நீள நோட்டில் கையால் எழுதி வைத்திருக்கிறான், அப்பா அப்படித்தான் வேண்டும் என்றாராம், அவர்கள் வீட்டு விசேஷத்துக்கு வாசிக்கப் போக வேண்டுமே என்று. தளம் தந்த பட்டியலில் 17 பேர் 'பெயர் வெளியிட விரும்பாதவர்'. அந்த 17 வரியும் தொகையோடு நிற்கிறது, பெயருக்கு இடம் விட்டிருக்கிறான். அதில் நீங்கள் யாராவது இருந்தால், பெயரையும் ஊரையும் மட்டும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.