அம்பாசடர் பிரேக் பைப்: இரும்பா, குப்ரோ நிக்கலா?

பாம்பன், மண்டபம் பக்கம் ஓடும் பழைய அம்பாசடரில் இரும்பு பைப் முதலில் அரிப்பது, பைப்பை வண்டியோடு பிடித்து வைக்கும் கிளிப்புக்கு அடியில்தான். உப்பு ஈரமும் மணலும் அங்கே தங்கும். மேலே பெயின்ட் நன்றாகத் தெரியும்; கிளிப்பைக் கழற்றினால் துரு செதில் செதிலாக உதிரும். இரும்பு பைப் விலை குறைவு, கல் பட்டாலும் எளிதில் நசுங்காது. ஆனாலும் இந்தக் கடல்காற்றைத் தாங்காது.

குப்ரோ நிக்கலில் சுமார் 10 சதவீதம் நிக்கல், மீதி பெரும்பாலும் செம்பு. துருப்பிடிக்காது, கையாலேயே வளையும். இந்தக் கரைக்கு இதுதான் சரி. வெறும் செம்பு பைப்பை மட்டும் போடவே போடாதீர்கள். அதிர்வில் கெட்டியாகி ஃபிளேர் (விரித்த பைப் நுனி) ஓரத்தில் விரிசல் விடும்.

எதைப் போட்டாலும் பழைய பைப்பின் வெளி விட்டம் (பெரும்பாலும் 3/16 அங்குலம்), நுனி வடிவம் இரண்டும் மாறக்கூடாது. நட்டைக் கோத்துவிட்டு ஃபிளேர் அடியுங்கள். மறந்தால் நுனியை வெட்டி மறுபடி அடிக்க வேண்டும்.