ஏரிக்கரை சைக்கிளா, வெள்ளகவி நடைபாதையா?

கொடைக்கானலில் அரசுப் பணத்தை எதில் போடலாம்? ஏரியைச் சுற்றிச் சுமார் 5 கிலோமீட்டர் சாலை. வாடகை சைக்கிளும் கிடைக்கிறது. தனித்தடம் போட்டால் பிள்ளைகள் கார் ஹாரனுக்குப் பயப்படாமல் ஓட்டலாம். சரி, அகலத்துக்கு எங்கே போவது? சீசனில் கேட்கவே வேண்டாம்.

கொடைக்கானலை ஒட்டிய வட்டக்கானலிலிருந்து வெள்ளகவி மலைக்கிராமத்துக்கு இறங்கும் நடைபாதைக்குத் தார் தேவையில்லை. மழைநீரை ஓரமாகத் திருப்பிவிடக் குறுக்கே கல் பதித்தாலே பாதி வேலை முடிந்தது. இல்லாவிட்டால் நாலு மழையில் பாதையே ஓடையாகிவிடும். ஊர்க்காரர்கள் குதிரையில் மூட்டை ஏற்றிப் போய்வந்த வழி அது. 2024 அக்டோபரில் அரசு தொடங்கிய 40 மலையேற்றப் பாதைகளில் இதுவும் ஒன்று. என் ஓட்டு இதற்குத்தான். சைக்கிளுக்கு, ஞாயிறு காலை ஒன்பது மணிவரை ஏரிச்சாலைக்குள் கார்களை விடாமல் இருந்தாலே போதும், பெரிய செலவில்லை.