தீம் பார்க் பயணத்துக்கென்று ஒரு தனிக் கணக்கு: சில வருடப் பயன்பாட்டு அனுபவம்

குடும்பத்தோடு பெரிய தீம் பார்க் ஒன்றுக்குப் போய்வருவதற்கென்றே தனியாக ஒரு சேமிப்புக் கணக்கு. சம்பளம் வந்த மறுநாளே அதற்குப் பணம் தானாகப் போய்விடும். செலவுகளைத் தலைப்பு தலைப்பாகப் பிரித்து எழுதிய ஒரு தாள். இவ்வளவுதான் எங்கள் முறை. சில வருடங்களாக இதை விடாமல் செய்துவருகிறோம். இது எங்கே கைகொடுத்தது, எங்கே இழுத்தடித்தது, எதையெல்லாம் பாதியில் கைவிட்டோம் என்று எழுதுகிறேன். வளர்கிற பிள்ளைகள் இருக்கும் வீடுகளுக்கு உதவும் என்று நம்புகிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: முறை நல்ல முறை. ஆனால் தனிக் கணக்கு ஆரம்பித்ததைவிட, தேதியை முதலில் முடிவு செய்ததுதான் எங்களுக்குப் பெரிய மாற்றத்தைத் தந்தது.

"கொஞ்சம் பணம் சேரட்டும், அப்புறம் எப்போது போகலாம் என்று பார்ப்போம்" என்றுதான் பெரும்பாலும் பேச்சு தொடங்கும். தீம் பார்க்குக்கு அது சரிப்படாது. எவ்வளவு சேர்க்க வேண்டும் என்பதே எந்த நாளில் போகிறோம் என்பதைப் பொறுத்தது. கலிஃபோர்னியாவின் டிஸ்னிலேண்ட் 2016-ல் ஒரு நாள் டிக்கெட்டை மூன்று விலைகளாகப் பிரித்தது: கூட்டம் குறைந்த நாளுக்கு ஒன்று, சாதாரண நாளுக்கு ஒன்று, நெரிசலான நாளுக்கு ஒன்று. ஃப்ளோரிடாவில் வால்ட் டிஸ்னி வேர்ல்ட் 2018-ல் தேதிவாரி விலைக்கு வந்தது. டோக்கியோ டிஸ்னி 2021-ல் அதே வழிக்கு வந்தது. நெரிசலான நாளில் டிக்கெட் மட்டும் ஏறுவதில்லை. தங்குமிடமும் பயணக் கட்டணமும் அதே நாளில்தான் ஏறுகின்றன, வரிசையும் நீள்கிறது. வரிசை நீண்டால் அதைத் தாண்டும் பாஸ் வாங்கத் தோன்றும். ஒரே தேதி நான்கு பக்கமும் இழுக்கிறது.

அதனால் இப்போது நாங்கள் முதலில் எடுப்பது நாட்காட்டியைத்தான். பள்ளி நாட்காட்டியில் தொடர்ந்து விடுமுறை வரும் இடங்களைக் குறித்துக்கொண்டு, பார்க்கின் இணையதளத்தில் அந்த வாரங்களின் விலையைப் பார்ப்போம். நீண்ட விடுமுறையின் நடுவாரத்தைவிடப் பள்ளி திறப்பதற்கு முந்தைய வாரத்தின் வேலை நாட்கள் பெரும்பாலும் மலிவாகவே இருந்தன. தேதி கிடைத்ததும் மற்றது வெறும் வகுத்தல் கணக்கு. மொத்தச் செலவை மீதமிருக்கும் மாதங்களால் வகுக்க வேண்டியதுதான். வருகிற தொகை வீட்டுக்குத் தாங்காது என்றால் மூன்று வழிகள் உண்டு: தேதியைத் தள்ளுவது, நாட்களைக் குறைப்பது, தங்குமிடத்தை எளிமையாக்குவது. மாதத் தொகையை இழுத்துப் பிடித்து உயர்த்துவதை மட்டும் செய்ய வேண்டாம். இரண்டே மாதங்களில் அந்தக் கணக்கிலிருந்தே பணம் எடுக்க வேண்டி வரும்.

பிள்ளைகளின் வயதும் உயரமும் தேதிக் கணக்கில் சேரும். வால்ட் டிஸ்னி வேர்ல்டில் 3 வயது நிரம்பாத குழந்தைக்கு டிக்கெட் கிடையாது. 3 முதல் 9 வரை சிறுவர் டிக்கெட். 10 ஆகிவிட்டால் பெரியவர் டிக்கெட். டிஸ்னிலேண்ட் பாரிஸில் சிறுவர் டிக்கெட் 11 வயது வரை உண்டு. டோக்கியோவில் 4 வயதிலிருந்துதான் டிக்கெட்டே. இந்த எல்லைகளை மட்டும் பார்த்தால் "மூன்று நிரம்புவதற்குள் போய்விடலாம்" என்று தோன்றும். ஆனால் பெரிய ரைடுகளுக்குக் குறைந்தபட்ச உயரம் இருக்கிறது. வால்ட் டிஸ்னி வேர்ல்டின் மேஜிக் கிங்டம் பூங்காவில் ஸ்பேஸ் மவுண்டன் என்ற ரைடில் ஏற 112 சென்டிமீட்டர் வேண்டும். சில சென்டிமீட்டர் குறைந்ததால் வரிசையின் வாசலில் நிறுத்தப்பட்ட குழந்தையின் முகத்தைப் பார்ப்பதைவிட ஒரு வருடம் காத்திருந்து கூடுதலாகச் சேர்ப்பதே மேல் என்பது என் அபிப்பிராயம். சின்னக் குழந்தைக்கு டிக்கெட் மிச்சம் என்பதற்காக மூத்த பிள்ளையின் ஆசையை அவசரமாக முடித்துவிட வேண்டாம்.

இனி தாள். எங்கள் வீட்டில் அது ஃபிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டியிருக்கிறது. இடது பக்கம் செலவுத் தலைப்புகள்: பயணம், தங்குமிடம், டிக்கெட், சாப்பாடு, வரிசை பாஸ், உள்ளே போனபின் வரும் சில்லறைகள், பிள்ளைகளின் கைப்பணம், அவசரத்துக்கு ஒதுக்கியது. வலது பக்கம் மாதத்துக்கு ஒரு கட்டம். பணம் கணக்கில் விழுந்த அன்று சின்னவள் அந்த மாதக் கட்டத்துக்கு வண்ணம் தீட்டுவாள், எந்த வண்ணம் என்பதில் அண்ணனோடு ஒரு சின்னச் சண்டை நடக்கும். இதைச் செயலியிலும் செய்து பார்த்தோம். செயலி அழகாக வரைபடம் காட்டியது, ஆனால் அது என் தொலைபேசிக்குள் இருந்தது, பிள்ளைகளின் கண்ணில் படவில்லை. தாள் கண்ணெதிரே இருப்பதால், கடைக்குப் போனால் "இதுக்குப் பதிலா அந்தக் கட்டத்துல போட்டுடலாமா?" என்று அவர்களே கேட்கிறார்கள். வேறு எந்தச் சேமிப்பு உத்தியும் எங்களுக்கு இதைச் செய்து தரவில்லை.

செலவில் டிக்கெட்தான் பெரிய பங்கு என்று பலரும் நினைக்கிறார்கள். எங்கள் தாளில் ஒருபோதும் அப்படி வந்ததில்லை. பயணமும் தங்குமிடமும் சேர்ந்தே அதைத் தாண்டிவிடும். சில்லறைத் தலைப்புதான் சத்தமில்லாமல் வளர்வது: பார்க்கிங், லாக்கர், குழந்தை வண்டி வாடகை, தண்ணீர் ரைடில் நனைந்தபின் வாங்கும் மழைக்கோட்டு, ரைடு முடிந்ததும் திரையில் காட்டும் புகைப்படம். மழைக்கோட்டையும் மாற்றுத் துணியையும் வீட்டிலிருந்தே எடுத்துப் போகலாம். புகைப்படத்தை ஒன்றே ஒன்று என்று முன்பே பேசி முடித்துவிடலாம். அமெரிக்காவின் டிஸ்னி பூங்காக்களில் கண்ணாடிப் பாத்திரமும் மதுவும் தவிர, சொந்த உபயோகத்துக்கான சாப்பாட்டை உள்ளே எடுத்துப் போகலாம். டோக்கியோவில் வெளிச் சாப்பாட்டை உள்ளே அனுமதிப்பதில்லை. பார்க்குக்குப் பார்க் விதி இப்படி மாறுவதால், சாப்பாட்டுத் தலைப்பில் தொகை எழுதும் முன் அந்தப் பக்கத்தை ஒரு முறை படித்துவிடுங்கள்.

வரிசை பாஸைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் தலைப்புகளில் குடும்பங்களை அதிகம் குழப்புவது இதுதான். டிஸ்னிலேண்ட் 1955-ல் திறந்த காலத்தில் நுழைவுக்குத் தனிக் காசு, ஒவ்வொரு ரைடுக்கும் தனிக் காசு. அதே வருடம் சீட்டுப் புத்தகங்கள் வந்தன. பின்னர் ஏ-யிலிருந்து இ வரை தரம் பிரித்தார்கள், இ சீட்டுதான் பெரிய ரைடுக்கு. 1982-ல் அந்தச் சீட்டுகள் ஒழிந்து, ஒரே டிக்கெட்டில் எல்லாம் என்று ஆனது. 1999-ல் வந்த ஃபாஸ்ட்பாஸ், நேரம் குறித்துக்கொண்டு குறுகிய வரிசையில் போகும் வசதியை இலவசமாகவே தந்தது. 2021-ல் அந்த வசதி காசுக்கு வந்துவிட்டது. ஆக ரைடு ரைடாகப் பணம் கொடுக்கும் பழைய காலம் வேறு உருவில் திரும்பியிருக்கிறது. இலவசமாக இருந்த நாட்களில் போய்வந்தவர்களின் கணக்கை வைத்துத் திட்டம் போட்டால் இந்தத் தலைப்பே விட்டுப்போகும்.

அதற்காக எல்லா நாளும் பாஸ் வாங்க வேண்டியதில்லை. பார்க் திறப்பதற்கு அரை மணி நேரம் முன்பே வாசலில் நின்றால், முதல் இரண்டு மணி நேரத்தில் பெரிய ரைடுகளில் பாதியை முடித்துவிடலாம். உயரம் போதாத குழந்தை கூட இருந்தால், பெற்றோரில் ஒருவர் ரைடு போக மற்றவர் குழந்தையோடு காத்திருந்து, பிறகு மறுபடி முழு வரிசையில் நிற்காமல் இடம் மாற்றிக்கொள்ளும் ஏற்பாடு டிஸ்னி பூங்காக்களிலும் யுனிவர்சல் பூங்காக்களிலும் இருக்கிறது. கட்டணம் கிடையாது, வாசலில் நிற்கும் ஊழியரிடம் கேட்டாலே போதும். தனியாக வருபவர்களுக்கான வரிசை இருந்தால் வளர்ந்த பிள்ளைகளை அதில் அனுப்பலாம். பாஸுக்கு ஒதுக்கிய பணத்தை நாங்கள் மிக நெரிசலான ஒரே ஒரு நாளுக்கு வைத்துக்கொள்கிறோம். அந்த ஒரு நாளுக்கு அது கொடுத்த காசுக்கு மதிப்புதான்.

பிள்ளைகளின் கைப்பணத்தை நான் மனதாரப் பரிந்துரைக்கிறேன். ஒவ்வொருவருக்கும் ஒரே தொகை, பயணத்தின் முதல் நாளே கையில். பல ரைடுகள் முடியும் இடத்தில் ஒரு பொம்மைக் கடை வழியாகத்தான் வெளியே வர வேண்டியிருக்கும். கைப்பணம் இல்லாத காலத்தில் ஒவ்வொரு கடையிலும் ஒரு பேச்சுவார்த்தை நடக்கும். கைப்பணம் வந்தபின் ஒருமுறை சின்னவள் ஒளிரும் மந்திரக்கோலைக் கையில் எடுத்தாள். விலைச்சீட்டைத் திருப்பிப் பார்த்தாள், பர்ஸைத் திறந்து எண்ணினாள், அண்ணனிடம் ஏதோ கேட்டாள், பிறகு கோலை அதன் இடத்திலேயே நேராக நிறுத்திவிட்டு வந்தாள். கடைசி நாள் அந்தப் பணத்தில் அவள் வாங்கிய துணிப் பொம்மை இன்னும் அவள் படுக்கையில்தான் இருக்கிறது.

சேமிக்கும் வேகத்தைப் பற்றி ஒன்று. இணையத்தில் பிரபலமான 52 வாரச் சவாலை நாங்களும் எடுத்தோம்: முதல் வாரம் 1, இரண்டாம் வாரம் 2, கடைசி வாரம் 52. மொத்தம் 1,378. சொந்த அளவுக்கு ஏற்ப இதைப் பத்தாலோ நூறாலோ பெருக்கிக்கொள்ளலாம். கேட்க எளிது. ஆனால் முதல் 13 வாரங்களில் சேர்வது வெறும் 91, கடைசி 13 வாரங்களில் 598. அதாவது பயணம் நெருங்கி, துணிமணியும் பெட்டியும் வாங்க வேண்டிய நேரத்தில் சுமை உச்சத்தில் நிற்கிறது. தலைகீழாக 52-லிருந்து இறங்கி வந்தால், உற்சாகம் இருக்கும்போதே பெரும்பகுதி சேர்ந்துவிடும். எங்களுக்கோ மாதம் ஒரே தொகை என்ற சாதாரண வழிதான் கடைசியில் நிலைத்தது. எப்போதாவது வரும் ஊக்கத்தொகை, பழைய பொருள் விற்ற காசு இவை மேலே விழும். ஒவ்வொரு செலவையும் முழுத் தொகையாக்கி மீதியைச் சேர்க்கும் செயலியையும் பயன்படுத்தினோம். பாதகமில்லை, ஆனால் அதில் சேர்ந்தது பார்க்கிங் செலவுக்குத்தான் வந்தது.

இந்தப் பணத்தைப் பங்குச் சந்தையில் போடுவதை நான் ஆதரிக்க மாட்டேன். தேதி குறித்த பணம் அந்தத் தேதியில் முழுசாக இருக்க வேண்டும். வட்டி குறைவு என்பது இந்த முறையின் நிஜமான குறை, அதை ஏற்றுக்கொண்டுதான் ஆக வேண்டும். சில மாதத் தொகை சேர்ந்தபின் ஒரு பகுதியைப் பயண மாதத்தில் முதிர்வடையும் வைப்பாக மாற்றினால் கொஞ்சம் ஈடாகும். இன்னொரு குறை, கணக்கில் பணம் கண்ணில் படும்போது வீட்டின் மற்றத் தேவைகள் அதை நோக்கிக் கை நீட்டும். அவசர நிதி தனியாக இல்லாத வீடு முதலில் அதைச் சேர்த்துவிட்டு இங்கே வரட்டும். இல்லையென்றால் வண்டி ரிப்பேர் வந்தாலே பார்க் பணம் கரைந்துபோகும். தவணையில் சுற்றுலா போகும் திட்டங்கள் நிறையவே கண்ணில் படுகின்றன. போய்வந்த பிறகும் மாதா மாதம் கட்டும் பணம், அடுத்த பயணத்துக்கான இடத்தை அடைத்துக்கொள்கிறது. எங்கள் வீட்டில் அதற்கு இடமில்லை.

வெளிநாட்டுப் பார்க் என்றால் நாணய மாற்றுக்கும் தலைப்பு வேண்டும். அட்டையில் பணம் கட்டும்போது இயந்திரம் "உங்கள் நாட்டுப் பணத்திலா, இங்குள்ள பணத்திலா?" என்று கேட்கும். எப்போதும் அந்த ஊர்ப் பணத்தையே தேர்ந்தெடுங்கள். சொந்த நாட்டுப் பணம் என்றால் மாற்று விகிதத்தைக் கடைக்காரரின் தரப்பு தீர்மானிக்கும், அது பெரும்பாலும் பாதகமாகவே இருக்கும். வெளிநாட்டுப் பயன்பாட்டுக்கு உங்கள் அட்டை எவ்வளவு கட்டணம் பிடிக்கிறது என்பதையும் முன்பே கேட்டு வையுங்கள்.

ஒருமுறை கிளம்ப ஒரு வாரம் இருக்கும்போது சின்னவளுக்குக் கடும் காய்ச்சல். தங்குமிடத்தை ரத்து செய்யக்கூடிய கட்டணத்தில் எடுத்திருந்ததால் அந்தப் பணம் அப்படியே திரும்பியது, டிக்கெட்டைத் தேதி மாற்ற முடிந்தது, விலை வித்தியாசத்தை அவசரத் தலைப்பு தாங்கிக்கொண்டது. ரத்து செய்ய முடியாத மலிவுக் கட்டணம் எவ்வளவு கவர்ச்சியாக இருந்தாலும், சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். அவசரத்துக்கு மொத்தத்தில் பத்தில் ஒரு பங்காவது இருக்கட்டும்.

பயணம் முடிந்து வந்த வாரமே தாளை எடுத்து, ஒவ்வொரு தலைப்புக்கும் எதிரே உண்மையில் ஆன செலவை எழுதிவிடுங்கள், ரசீதுகள் பையில் இருக்கும்போதே. அடுத்த பயணத்தின் மதிப்பீட்டுக்கு அதைவிட நம்பகமான எண் கிடையாது. கணக்கில் மீந்த பணத்தை வெளியே எடுக்க வேண்டாம். தானியங்கிப் பரிமாற்றத்தையும் நிறுத்த வேண்டாம், புதுத் தேதி முடிவாகும் வரை தொகையைப் பாதியாகக் குறைத்தால் போதும். எங்கள் புதுத் தாளில் இப்போது ஏழு கட்டங்கள் நிறைந்திருக்கின்றன, சின்னவள் 112-ஐத் தாண்ட இன்னும் மூன்று சென்டிமீட்டர் பாக்கி.