நரம்பு ஊசிக்கு நாள் குறித்த பிறகு வந்த அக்கி

இந்த முறை டொராண்டோவிலிருந்து கும்பகோணத்துக்குக் கிளம்பும்போதே அம்மாவின் இடுப்பு வலிக்கு ஒரு வழி பார்த்துவிட வேண்டும் என்று இருந்தேன். இடுப்பில் தொடங்கி இடது காலில் இறங்கும் வலி, பல வருஷமாக. முதுகுத் தட்டு பிதுங்கி நரம்பை அழுத்துவது எம்.ஆர்.ஐ.யில் தெரிந்தது. ஒரு தனியார் மருத்துவமனையில் நர்வ் பிளாக் போடலாம் என்றார்கள். எக்ஸ்ரே திரையைப் பார்த்துக்கொண்டே நரம்பு வேருக்குப் பக்கத்தில் மரத்துப்போகும் மருந்தையும் ஸ்டீராய்டையும் செலுத்துவார்கள். ஒன்டாரியோவில் ஸ்பெஷலிஸ்டைப் பார்க்கவே மாதக்கணக்கில் ஆகும். இங்கே ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, டாக்டர் எல்லாம் ஒரே நாளில் முடிந்தது.

நாள் குறித்தாயிற்று. அப்புறம்தான் அம்மாவுக்கு வலது விலாவுக்குக் கீழே எரிச்சல், மறுநாள் வரிசையாகக் கொப்புளம். அத்தை பார்த்ததுமே, "அக்கிடா இது, குயவர் வீட்ல எழுதிட்டு வரச் சொல்லு" என்றார். நான் குளித்துவிட்டு வருவதற்குள் இருவரும் போய் வந்துவிட்டார்கள். விலாவில் செங்காவிக் கோடுகள், நடுவில் ஒரு சிங்கம். அம்மாவின் முகத்தில் கொஞ்சம் தெம்பு வந்திருந்தது, நான் ஒன்றும் சொல்லவில்லை.

மருத்துவமனைக்கு போன் செய்தேன். "கொப்புளம் வேற இடம், ஊசி வேற இடம் சார். நீங்க ஊர்ல இருக்கும்போதே முடிச்சிடலாம்" என்றார் பேசியவர். டாக்டரிடம் லைன் கொடுக்கவில்லை. என் லீவை வைத்து அம்மாவின் வைத்தியத்தை முடிவு செய்வது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. அன்று மாலையே தஞ்சாவூருக்கு வண்டி பிடித்தோம்.

அங்கே இருந்த வலி சிகிச்சை மருத்துவர் காவியை மெதுவாகத் துடைத்துக் கொப்புளங்களைப் பார்த்தார். எப்போதோ வந்துபோன சின்னம்மையின் வைரஸ் நரம்பு முடிச்சில் அடங்கிக் கிடந்து இப்போது எழுந்திருக்கிறது என்றார். அம்மாவுக்குச் சர்க்கரை உண்டு. ஸ்டீராய்டு எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும், சர்க்கரையையும் ஏற்றும். "கால் வலி காத்திருக்கும்மா, அக்கி காத்திருக்காது" என்று சொல்லி, கொப்புளம் வந்த 72 மணி நேரத்துக்குள் தொடங்குவதுதான் முக்கியம் என்று வாலசைக்ளோவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மாத்திரையை எழுதினார். அதற்கு முன் சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனையைப் பார்த்தார், அதற்குத் தக்கபடிதான் மருந்தின் அளவு.

அதே ஊசி அக்கி வலியையும் தடுக்காதா என்று கேட்டேன். 2006இல் லான்செட் இதழில் வந்த நெதர்லாந்து ஆய்வைச் சொன்னார். முதுகில் ஒருமுறை போட்ட ஊசி முதல் மாத வலியைக் கொஞ்சம் குறைத்ததாம், வலி நாள்பட நிலைப்பதைத் தடுக்கவில்லையாம். இவ்வளவு பொறுமையாக விளக்கியதற்கு அவருக்குக் கடமைப்பட்டிருக்கிறேன்.

நான் திரும்பிய பிறகு, பொருக்கு உதிர்ந்து சர்க்கரையும் கட்டுக்குள் வந்ததும், தம்பிதான் அம்மாவைக் கூட்டிப்போய் அவரிடமே ஊசி போட்டு வந்தான். சில நாள் சர்க்கரை ஏறி இறங்கியது. கால் வலி நன்றாகக் குறைந்திருக்கிறது. விலாவில் இன்னும் புடவை உரசினால் சுருக்கென்கிறது, ராத்திரிக்கு நரம்பு வலி மாத்திரையான ப்ரீகாபலின் போடுகிறார். அக்கி வராமல் தடுக்கும் ஷிங்ரிக்ஸ் தடுப்பூசி 2023 முதல் இந்தியாவிலும் கிடைக்கிறது. 50 வயது தாண்டியவர்களுக்கு இரண்டு டோஸ், விலை அதிகம்தான். அத்தைக்கு முதல் டோஸ் போட்டாயிற்று.