ரெய்கியா, வர்மத் தடவலா: எந்தக் கோளாறுக்கு எந்தக் கை?

குமரி மாவட்டத்தில் தக்கலை, குலசேகரம் பக்கம் பனையேறியோ ரப்பர் பால் வெட்டுபவரோ வழுக்கி விழுந்தால் வீட்டார் தேடுவது வர்ம ஆசானை, அதாவது உடம்பின் வர்மப் புள்ளிகளை அழுத்தியும் தடவியும் வைத்தியம் பார்ப்பவரை. கையை வைத்து உயிராற்றலைச் செலுத்துவதாகச் சொல்லும் ஜப்பானிய முறையான ரெய்கியிலும் கைதான் கருவி என்பதால் அதையும் வர்மத்துக்கு மாற்றாகச் சிலர் எண்ணுகிறார்கள். அது தவறு. இரண்டும் உடம்பைத் தொடும் விதமே வேறு.

ரெய்கியை 1922-இல் ஜப்பானில் மிக்காவோ உசுயி தொடங்கினார். அவருடைய மாணவரும் கடற்படை மருத்துவருமான சுஜிரோ ஹயாஷியிடம் கற்ற ஹவாயோ தகாத்தா, 1930-களின் இறுதியில் அதை ஹவாய்த் தீவுக்குக் கொண்டுபோனார். பயிற்சி பெரும்பாலும் மூன்று நிலை. முதலாவதில் தீட்சையும் கைநிலைகளும், இரண்டாவதில் குறியீடுகளும் தொலைவிலிருந்து அனுப்பும் முறையும், மூன்றாவதில் பிறருக்குக் கற்றுத்தரும் தகுதி.

ஒரு அமர்வு சுமார் ஒரு மணி நேரம். உடையோடு மல்லாந்து படுக்க வேண்டும். முழங்காலுக்கு அடியில் ஒரு தலையணை. விரல்களைச் சேர்த்து, உள்ளங்கையைச் சற்றே குழித்து, கண், பொட்டு, பிடரி, தொண்டை, நெஞ்சு, வயிறு, பிறகு முதுகு என ஓரிடத்துக்கு 3 முதல் 5 நிமிடம் வைப்பார்கள். அழுத்தம் கிடையாது. தொண்டைக்கு மேல் கையைத் தொடாமல் நிறுத்துவது நல்லது. பாரம் பட்டால் படுத்திருப்பவருக்கு மூச்சு முட்டுவதுபோல் இருக்கும். செய்பவர் முழங்கையைத் தாங்கி வைக்காவிட்டால் பத்தே நிமிடத்தில் தோள் இறுகி, கை கனக்கும். முடிந்ததும் சட்டென்று எழுந்தால் தலை சுற்றும். ஒருக்களித்து ஐந்து நிமிடம் கிடந்து எழுவதே சரி.

வர்மத்தில் அழுத்தம்தான் எல்லாம். அடிபட்டால் உயிருக்கே ஆபத்தான படுவர்மம் 12, அதைவிடத் தீவிரம் குறைந்த தொடுவர்மம் 96, ஆக 108 புள்ளிகள் என்பது பரவலான கணக்கு. விரலின் அழுத்தத்துக்கே மாத்திரை என்று அளவு உண்டு. ரெய்கியில் கை ஓய்ந்து கிடக்கும் புருவ நடுவில்தான் திலர்த காலம் என்ற வர்மப் புள்ளி இருக்கிறது; பயிற்சி இல்லாத விரல் அங்கே அழுத்தக் கூடாது. அடிபட்ட இடத்துக்கு எண்ணெய்த் தடவல், வர்மப் புள்ளிகளைத் தூண்டிப் பாதிப்பை நீக்கும் இளக்குமுறை, முறிவுக்கு மூங்கில் பத்தை வைத்துக் கட்டு என்று ஆசானின் வேலை தசையிலும் எலும்பிலும் நடக்கிறது.

ஆகவே சுளுக்கு, தோள்பிடிப்பு, பழைய அடியின் வலி என்றால் தேர்ந்த ஆசானிடமோ வர்மம் பயின்ற சித்த மருத்துவரிடமோ போகலாம். ரெய்கி இவற்றைச் சரிசெய்யாது. அது பேசும் உயிராற்றலை எந்தக் கருவியும் இதுவரை அளந்து காட்டவில்லை. ஆனால் இருண்ட அறையில் ஒரு மணி நேரம் அசையாமல் கிடந்து, இதமான கையின் சூட்டை உணர்வதால் மனம் அடங்கும். பதற்றத்துக்கும் தூக்கம் பிடிக்காத இரவுகளுக்கும் அந்த ஓய்வு உதவலாம். அவ்வளவுக்கு மட்டும் ரெய்கியை நம்புங்கள்.

ரெய்கியின் கை யாரையும் காயப்படுத்துவதில்லை. ஆனால் மார்புவலியையோ மார்பில் தட்டுப்படும் கட்டியையோ அதை நம்பித் தள்ளிப்போட்டால் உயிருக்கே ஆபத்து. சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை நிறுத்தச் சொல்பவரிடம் மறுபடி போகாதீர்கள்.

வர்மத்தில் கை தவறினால் உடனே தெரியும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர், கர்ப்பிணி, எலும்பு தேய்ந்த முதியவர் ஆகியோர் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். உயரத்திலிருந்து விழுந்து கழுத்து வலிக்கிறது, கைகால் மரத்துப்போகிறது என்றால் எந்தத் தடவலுக்கும் முன் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவமனைக்கே கொண்டுபோங்கள், அதுவும் கழுத்தை அசைக்காமல். கை, காலில் முறிவு என்று சந்தேகம் வந்தாலும் எக்ஸ்ரே பார்த்த பிறகே கட்டு.

கட்டுப் போட்ட அன்று இரவு விரல்களைப் பார்த்துக்கொண்டே இருங்கள். நகத்தை அழுத்தி விட்டால் இரண்டு நொடியில் சிவப்பு திரும்ப வேண்டும். விரல் நீலம் பாய்ந்தாலோ, மரத்தாலோ, வலி ஏறிக்கொண்டே போனாலோ விடியும்வரை காத்திருக்கக் கூடாது. கட்டை அப்போதே தளர்த்தி, மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.