கண்ணாடி டப்பாவில் குறையில்லை, மூடியின் கேஸ்கட்தான் தீராத தொல்லை

சமைத்த உணவையும் நறுக்கிய காய்களையும் ஃப்ரிட்ஜில் வைப்பதற்கு, நான்கு பக்கமும் கிளிப் போட்டு அடைக்கும் மூடியுள்ள கண்ணாடி டப்பாக்களைப் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். அவற்றை வாங்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்ட அதே வாரத்தில், ஒரு மூடியை மாற்ற வேண்டியும் வந்தது. அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை என்றாலும், இயன்றவரை நியாயமாகவே எழுதுகிறேன்.

கண்ணாடியைப் பற்றி எனக்கு எந்தக் குறையும் இல்லை. தக்காளியும் எண்ணெயும் சேர்ந்த உணவை வைத்தால் பிளாஸ்டிக் டப்பாவில் படியும் சிவப்புக் கறை இதில் படிவதேயில்லை. இந்த டப்பாக்கள் போரோசிலிகேட் என்ற சூடு தாங்கும் கண்ணாடியால் ஆனவை. வெப்பத்தில் அந்தக் கண்ணாடி விரிவது சாதாரணக் கண்ணாடி விரிவதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் என்பதால் சூடும் குளிரும் மாறுவதை அது நன்றாகவே தாங்குகிறது. ஆயினும் ஃப்ரீசரிலிருந்து எடுத்தவுடன் சூடான ஓவன் அடுப்புக்குள் வைக்கக் கூடாது. உயரம் குறைந்த அகலமான டப்பாவில் உணவைப் பரப்பி வைத்தால் விரைவில் ஆறுகிறது. சமைத்ததை 2 மணி நேரத்திற்குள் 4 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கும் கீழான குளிருள்ள ஃப்ரிட்ஜில் வைத்துவிட வேண்டும் என்பதால், இது சிறிய வசதியல்ல. கழுவிய கீரையை ஈரம் போக உலர்த்தி, அடியில் பருத்தித் துணி விரித்து வைத்தால் பல நாட்களுக்கு வாடாமல் இருக்கிறது. காளானுக்கு மட்டும் இந்த இறுக்கமான மூடி ஆகாது, காகிதப் பையே நல்லது.

இனி அந்த மூடிக்கு வருகிறேன். அதன் உட்புற விளிம்பில் ஒரு குறுகிய பள்ளமும், அதில் பொருந்திய சிலிகோன் வளையமும், அதாவது கேஸ்கட்டும், இருக்கின்றன. காற்றும் நீரும் புகாமல் காப்பது அந்த வளையம். அழுக்கைச் சேர்த்து வைப்பதும் அதுவே. கழுவிக் கவிழ்த்து, கைக்குக் காய்ந்ததாகத் தெரிந்த பிறகும் வளையத்தின் அடியில் நீர் தங்கியிருக்கிறது. கரண்டிக் காம்பின் மழுங்கிய முனையால் நெம்பி எடுத்துப் பார்த்தால், பள்ளம் நெடுகக் கருமையான பூஞ்சைக் கோடு ஒன்று ஓடுகிறது. எண்ணெயையும் மணத்தையும் சிலிகோன் ஈர்த்துக்கொள்வதால், பூண்டு வைத்த டப்பாவில் பிறகு பழத்துண்டுகளை வைத்தால் பழத்தில் பூண்டு வாசம் ஏறிவிடுகிறது. சமையல் சோடா கரைத்த நீரில் ஊறவைத்து வெயிலில் காயவைத்தால் வாசம் குறைகிறது, முற்றிலும் போவதில்லை.

அடிக்கடி கழற்றினாலோ வளையம் இழுபட்டுத் தளர்கிறது. அப்படித் தளர்ந்த ஒரு வளையம் மூலையில் பிதுங்கிக்கொண்டு நின்றது. மூன்று கிளிப்புகளை அழுத்தினால் நான்காவது எழும்பிவிடும். தயாரித்த நிறுவனமோ கேஸ்கட்டைத் தனியாக விற்பதில்லை என்று சொல்லிவிட்டது. ஒரு வளையத்துக்காக, நல்ல நிலையில் இருந்த மூடி முழுவதையும் தூக்கி எறிய நேர்ந்ததை என்னால் ஏற்க முடியவில்லை.

ஏற்கெனவே வாங்கியவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். சூடாக இருக்கும்போது கிளிப் போட வேண்டாம். ஆவி குளிர்ந்து உள்ளே அழுத்தம் குறைவதால் மூடி இறுகி, திறப்பதே பாடாகிவிடும். உறைய வைக்கும்போது, நீர் பனிக்கட்டியானால் ஏறத்தாழ 9 சதவீதம் பெருகும் என்பதை எண்ணி மேலே இடம் விடுங்கள். காலி டப்பாவை மூடி வைக்காமல், வளையத்தையும் மூடியையும் பிரித்தே வையுங்கள்.

இவ்வளவு புகழ்ந்த பிறகும் நண்பரிடம் வாங்க வேண்டாம் என்றுதான் சொன்னேன். அதே கண்ணாடியில் வளையமில்லாத சாதாரண மூடியுள்ள டப்பாக்களே அன்றாடத்துக்குப் போதும். நீர்ப்பதமான உணவை வெளியே எடுத்துச் செல்ல வேண்டியிருந்தால் மட்டும் கிளிப் மூடியுள்ள டப்பா ஒன்று வாங்கலாம். அதுவும் கேஸ்கட் தனியாகக் கிடைக்குமா என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு.