கடைசிப் பாட்டுக்கு முன்னால் எழுந்துவிடும் ரெக்கார்ட் பிளேயர்

இந்தப் பிளேயரின் விலை சமீபத்தில் நன்றாக இறங்கிவிட்டது. இறங்கியதிலிருந்து தெரிந்தவர்களில் பாதிப் பேர் என்னைத்தான் கேட்கிறார்கள்: "நீ ரொம்ப நாளா வச்சிருக்கியே, வாங்கலாமாடா?" அதே சமயத்தில் என்னுடையது பெல்ட் மாற்றி ரிப்பேரிலிருந்து வீட்டுக்கு வந்தது. எரிச்சல் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். எந்த மாடல் என்பது கேட்டவர்களுக்குத் தெரியும். மற்றவர்களுக்கு: பெல்ட்டில் சுற்றும், ஊசியின் மெல்லிய ஒலியைப் பெருக்கும் ப்ரீ ஆம்ப் உள்ளேயே இருக்கும், தட்டின் பக்கம் முடிந்தால் ஊசியைத் தாங்கும் கை தானாக எழுந்து நிற்கும் நடுத்தர விலைச் சரக்கு. புளூடூத்தும் இருக்கிறது. அதைப் போட்டுப் பார்க்க எனக்கு இன்றுவரை தோன்றவில்லை.

சத்தத்தில் பெரிய குறை கிடையாது. ஊசியின் எடையை இரண்டு கிராமுக்குள் வைக்க முடிகிறது. அதனால் பெட்டி மாடல் பிளேயர்கள் மாதிரி தட்டை உழுதுவிடுமோ என்ற பயம் இல்லை. வயலினும் குரலும் சுத்தமாக வருகின்றன. அடி பேஸ் கொஞ்சம் மெலிவு. இந்த விலைக்கு அதற்கு மேல் கேட்பது நியாயமில்லை என்பதால் விட்டுவிடுகிறேன்.

விட முடியாதது அந்தத் "தானாக எழுந்து நிற்கும்" சமாச்சாரம். நல்ல ஆட்டோமேட்டிக் பிளேயர்கள் கை நகரும் வேகத்தை வைத்து முடிவைக் கண்டுபிடிக்கும். பாட்டு ஓடும்போது கோடுகள் நெருக்கமாக இருக்கும், கை நகர்வதே கண்ணுக்குத் தெரியாது. பாட்டு முடிந்த பிறகு வரும் கோடு அகலமாக விரிந்து ஓடும், கை சரேலென்று லேபிள் பக்கம் போகும். அந்தச் சரேலைப் பிடித்துத்தான் அவை எழுகின்றன. நம்முடையதற்கு அந்தப் புத்தி இல்லை. கை ஓர் இடத்தைத் தாண்டியதா, உடனே எழுந்துவிடும். பாட்டு முடிந்ததா, பாடுகிறவர் வாய் மூடினாரா என்ற விசாரணையே கிடையாது.

பக்கத்துக்கு பதினெட்டு நிமிடம் ஓடும் தட்டில் இது தெரியாது. இருபத்திரண்டு, இருபத்து மூன்று நிமிடம் திணித்த தட்டில் பாட்டு லேபிளுக்கு வெகு பக்கத்தில் வந்து முடியும். அங்கேதான் வம்பு. அம்மாவின் சகஸ்ரநாம எல்பி தட்டில் பலச்ருதி முடியுமுன் கை எழுந்துவிடும். "பலன் சொல்ற எடத்துலதான் உன் மெஷினுக்கு அவசரம்" என்று அம்மா முதல் தடவை சொன்னபோது சிரித்தேன். இப்போது சிரிப்பதில்லை.

எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. மாதக் கடைசி ஞாயிறு நாலைந்து பேர் என் வீட்டில் கூடுவோம். ஆளுக்கு ஒரு தட்டு கொண்டுவர வேண்டும். எந்த ஆல்பமானாலும் ஒரு பக்கத்தை முழுசாகப் போடுவோம், நடுவில் பேச்சு கிடையாது, கை எழுந்த பிறகுதான் டீ. அப்படி ஒரு ஞாயிறு, பேங்க்கில் வேலை பார்க்கும் நண்பன் பீட்டில்ஸின் ஆபி ரோட் கேட்டான். 1969இல் வந்த தட்டு, எல்லாரும் எங்கெங்கோ கேட்டதுதான். இரண்டாம் பக்கம் போட்டோம். ஹியர் கம்ஸ் தி சன் தொடங்கி, ஒன்றுக்குள் ஒன்று கோத்த குட்டிப் பாட்டுகளின் வரிசை ஓடி, தி எண்ட் முடிந்தது. கை எழுந்தது. எல்லாரும் டீக்கு எழுந்தோம்.

"அடுத்தது ஹெர் மெஜஸ்டிதானே, ஏன் நிறுத்திட்டே?" என்றேன் பிளேயரைப் பார்த்து. பேங்க் நண்பன் திரும்பிக் கேட்டான்: "அது என்ன பாட்டு?"

அந்த ஆல்பத்தை அவன் என் வீட்டில்தான் முதலில் கேட்டிருக்கிறான், என் வீட்டில் மட்டுமே கேட்டிருக்கிறான். தி எண்ட் முடிந்ததும் கொஞ்ச நேரம் வெறும் மௌனம் வரும். பிறகு பீட்டில்ஸில் ஒருவரான பால் மெக்கார்ட்னி கிதாரோடு இருபத்து மூன்று விநாடி தனியாகப் பாடிவிட்டுப் போவார். முதலில் வந்த அட்டையில் அந்தப் பாட்டின் பெயரே அச்சிடப்படவில்லை. ஆக, அப்படி ஒன்று இருப்பது இவனுக்குத் தெரிய வழியே இல்லை.

இதில் கொடுமை என்னவென்றால், அந்தப் பாட்டே ஏற்கெனவே வெட்டுப்பட்டது. அது முதலில் மீன் மிஸ்டர் மஸ்டர்டுக்கும் பாலிதீன் பாமுக்கும் நடுவில் இருந்தது. வேண்டாம், எடுத்துவிடு என்றார் மெக்கார்ட்னி. ஸ்டூடியோவில் எதையும் தூக்கியெறியக் கூடாது என்பது சட்டம். அதனால் டேப் வேலை பார்த்த ஜான் கர்லாண்டர் என்ற இளைஞர் அந்தத் துண்டை வெட்டி, டேப்பின் கடைசியில் ஒட்டி வைத்தார். மெக்கார்ட்னிக்கு அது அங்கே இருப்பது பிடித்துப்போனது, அப்படியே விட்டுவிட்டார்கள். அதனால்தான் மீன் மிஸ்டர் மஸ்டர்டின் கடைசி அடி 'டமார்' என்று ஹெர் மெஜஸ்டியின் தலையில் விழுகிறது. அதன் சொந்தக் கடைசி அடி அதில் இல்லை, அது பாலிதீன் பாமின் தொடக்கத்தில் தங்கிவிட்டது. ஸ்டூடியோவில் வால் போன பாட்டுக்கு என் வீட்டில் உடம்பும் போகிறது.

அன்றிலிருந்து தட்டுகளின் கடைசிப் பாட்டுகள் மேல் எனக்கு ஒரு தனிப் பைத்தியம் பிடித்துவிட்டது. பிங்க் ஃப்ளாய்டின் தி டார்க் சைட் ஆஃப் தி மூன் 1973. முடிவில் இதயத் துடிப்பு மெல்ல அடங்கும்போது, அடியில் ஒரு மனிதர் பேசுவது கேட்கும். அவர் அந்த ஸ்டூடியோவின் வாயில்காப்பாளர். என் பிளேயரில் அவர் பேசி முடிப்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. பீட்டில்ஸின் சார்ஜண்ட் பெப்பர்ஸ் 1967இல் இங்கிலாந்தில் வந்தபோது, பாட்டெல்லாம் முடிந்த பிறகு வரும் வட்டக் கோட்டிலும் பேச்சையும் சிரிப்பையும் பதித்து வைத்தார்கள். கையால் தூக்கும் பிளேயரில் அது நாம் போய்த் தூக்கும்வரை ஓடிக்கொண்டே இருக்கும். ஆட்டோமேட்டிக் வைத்திருந்தவர்களுக்கு அந்த விளையாட்டில் இடமில்லை. அறுபதுகளிலேயே நம் ஜாதிக்கு ஒதுக்கீடு கிடையாது.

நியாயமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பக்கத்தின் கடைசியில் ஒலி கொஞ்சம் கரகரப்பது இந்தப் பிளேயரின் குற்றமல்ல, தட்டின் அமைப்பே அப்படி. எல்பி நிமிடத்துக்கு 33⅓ சுற்று. வெளி ஓரத்தில் ஒரு விநாடிக்கு ஏறக்குறைய 50 செ.மீ. கோடு ஊசிக்கடியில் ஓடுகிறது. லேபிள் பக்கம் வந்தால் அதே ஒரு விநாடிக்கு 21 செ.மீ. தான். அதே பாட்டை பாதிக்கும் குறைவான இடத்தில் எழுத வேண்டியிருக்கிறது. உச்சஸ்தாயியும் 'ஸ' எழுத்துகளும் அங்கேதான் முதலில் அடிவாங்கும். அதனாலேயே அதிரடிப் பாட்டை வெளியிலும் மெதுவான பாட்டைக் கடைசியிலும் வைப்பது பல இடங்களில் வழக்கமாக இருந்தது. அப்படி யோசித்து யோசித்துக் கடைசியில் வைத்த மெதுவான பாட்டைத்தான் என் பிளேயர் கொத்துகிறது.

சரி, இவ்வளவு திட்டிவிட்டு ஏன் வைத்திருக்கிறாய் என்றால், அந்த ஞாயிறுகள்தான். செல்போனில் கேட்கும்போது நாங்கள் பாட்டைத்தான் சிபாரிசு செய்துகொள்வோம். ஒருத்தன் அனுப்புவான், இன்னொருத்தன் முப்பது விநாடி கேட்டுவிட்டு 'செம' என்பான். இந்தப் பிளேயர் வந்த பிறகு பேச்சு மாறிவிட்டது. "அந்த ஆல்பத்தோட ரெண்டாம் பக்கம் கேட்டியா?" என்று கேட்கிறோம். இருபது நிமிடம் உட்கார்ந்து கேட்டவனிடம் அபிப்பிராயம் கேட்டால் வேறு மாதிரி பதில் வருகிறது.

இளையராஜாவின் ஹௌ டு நேம் இட் எனக்கு அப்படிக் கிடைத்ததுதான். 1986. தியாகராஜருக்கும் ஜெர்மன் இசைமேதை பாகுக்கும் சமர்ப்பணம் செய்யப்பட்ட ஆல்பம். கேசட் காலத்திலிருந்தே வீட்டில் உண்டு. ஆனால் ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ் ஒன்றை மட்டும் ஓட்டிப் பிடித்துக் கேட்டுவிட்டு அணைத்துவிடுவேன். தனி வயலினுக்குப் பாக் எழுதிய பார்ட்டிடா என்ற தொகுப்புகளில் மூன்றாவதன் முன்னுரை அதில் மூச்சு விடாமல் ஓட, ராஜா அதைச் சுற்றித் தன் வயலின் கூட்டத்தை எழுப்புவார். பாகின் ஒரு ஸ்வரத்தையும் தொடாமல் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பேசுகிற தைரியம் அது. தட்டில் கேட்கும்போது ஓட்ட முடியாதே, அதனால் மற்றவையும் காதில் விழுந்தன. வயலின் வாசித்த வி.எஸ். நரசிம்மனின் வில் கம்பியில் திரும்புகிற இடங்களை, பகலில் ஃபேனை அணைத்துவிட்டுக் கேட்டால் பிடிக்கலாம். எங்கள் கூட்டத்தில் கர்நாடக இசை தவிர எதுவும் தொடாத பெரியவர் ஒருவர் உண்டு. அவர் அன்று கேட்டுவிட்டு "இன்னொரு தரம் போடுங்க தம்பி" என்று மட்டும் சொன்னார். அவரிடமிருந்து அது பத்மபூஷண்.

தவில் வீட்டுப் பையன் ஒருத்தன் நாதஸ்வர வித்வான் ராஜரத்தினம் பிள்ளையின் தோடியை 78 ஆர்.பி.எம். தட்டில் கொண்டுவந்தான். பிளேயரில் 78க்கும் குமிழ் இருக்கிறது, ஆனால் கூட வந்த ஊசி எல்பிக்கானது. பழைய தட்டின் கோடு அகலம். மெல்லிய ஊசி அடியில் போய்த் தூசியில் படுத்துக்கொள்ளும். நாதஸ்வரத்துக்குப் பதில் பொரிகடலை வறுக்கிற சத்தம்தான் வந்தது. வாங்குகிறவர்கள் 78 ஊசியைத் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள், விளம்பரத்தில் இதைச் சொல்ல மாட்டார்கள்.

பெல்ட் கதைக்கு வருகிறேன். போன மழைக்காலத்தில் இருந்தே சுருதி இறங்குகிற மாதிரி ஒரு சந்தேகம். ஜாஸ் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் கைண்ட் ஆஃப் ப்ளூ போட்டபோது கீபோர்டு வாசிக்கிற நண்பன் உறுதியாகச் சொல்லிவிட்டான்: "உன் மெஷின் தூங்குது." தட்டு அவனுடைய மாமா எழுபதுகளில் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்தது. இதில் ஒரு வேடிக்கை. 1959இல் அந்த ஆல்பத்தின் முதல் பக்கப் பாட்டுகளைப் பதிவு செய்த அன்று டேப் மெஷின் கொஞ்சம் மெதுவாக ஓடியிருக்கிறது. அதைச் சரியான வேகத்தில் போட்டால் சுருதி ஏறிப்போகும். பல வருஷம் உலகமே அந்த ஏறிய சுருதியில்தான் அதன் முதல் பாட்டான ஸோ வாட் கேட்டது. 1990களில்தான் திருத்தி வெளியிட்டார்கள். ஆக, மாமாவின் பழைய தட்டு மைல்ஸ் வாசித்த சுருதிக்குப் பக்கத்தில் ஒலித்தது என் தளர்ந்த பெல்ட்டில்தான் என்று வாதாடினேன். யாரும் ஒத்துக்கொள்ளவில்லை.

கம்பெனிக்கு போன் செய்தால் பெல்ட் மட்டும் தர மாட்டார்களாம், பெட்டியை அனுப்பச் சொன்னார்கள், அனுப்புகிற செலவு என் தலையில். சென்னை ரிச்சி தெருவில் ஒரு சின்னக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். கடைக்கார அண்ணன் சுழல்தட்டைக் கழற்றி, பெல்ட் மாற்றி, ஸ்பிண்டிலுக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, வேகத்தைச் சரி பார்த்துக் கொடுத்தார். அந்த நிறுத்தும் கோளாறையும் சொன்னேன். அடியில் இருக்கிற சின்ன நெம்புகோலைக் காட்டினார்.

"சார், இது எடத்தைப் பாத்து எழறது. உள்ள தள்ளி வெச்சா எல்பி கடைசி வரைக்கும் ஓடும், ஆனா சில தட்டுல நிக்கவே நிக்காது. வெளிய வெச்சா இப்ப மாதிரி. ரெண்டும் வேணும்னா வேற மெஷின் பாருங்க."

உள்ளே தள்ளி வைக்கச் சொன்னேன். இப்போது ஹெர் மெஜஸ்டி வருகிறது. பேங்க் நண்பனை வரச் சொல்லிப் போட்டுக் காட்டினேன், "இவ்வளவுதானா?" என்றான். அம்மாவுக்குப் பலச்ருதி முழுசாகக் கிடைக்கிறது. ஆனால் அல்லிக்குளம் வளாகத்தில் பொறுக்கிய பழைய சினிமாத் தட்டுகளில் பாதி நிற்பதில்லை. மத்தியானம் கேட்டபடி கண்ணயர்ந்தால், எழும்வரை ஊசி லேபிள் ஓரத்தில் டக் டக் என்று சுற்றிக்கொண்டிருக்கிறது. தானாக நிற்பதற்காகவே கூடுதல் காசு கொடுத்து வாங்கிய பிளேயர்.

ஆகவே, விலை இறங்கியிருக்கிறதே, வாங்கலாமா என்று கேட்டவர்களுக்கு: வாங்காதீர்கள். அதே காசுக்குக் கையால் தூக்கி வைக்கிற சாதா பிளேயர் கிடைக்கும், அதில் கெட்டுப்போக ஒன்றுமில்லை. அதுவும் அவசரமில்லை என்றால், காசைத் தட்டுகளில் போட்டுவிட்டு மாதக் கடைசி ஞாயிறு நாலு மணிக்கு என் வீட்டுக்கு வாருங்கள். என்னுடையதை விலைக்குக் கேட்டு இரண்டு பேர் வந்தார்கள், கொடுப்பதாக இல்லை. ஆபி ரோட் மட்டும் கொண்டுவர வேண்டாம், வீட்டில் இரண்டு பிரதி சேர்ந்துவிட்டது.